மாணவ மிட்வைஃபைத் தனியாக விட்டுவிட்டு சூப்பர்வைசர் வெளியே போகலாமா? (இங்கிலாந்து)

கேள்வி: பொருநைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி பக்கம். ஊரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவள். ஊர்ச் சான்றிதழில் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) இரண்டும் சேர்ந்தே இருக்கிறது, ஆனால் இங்கே இரண்டும் தனித்தனிப் பதிவு என்பதால் எனக்குக் கிடைத்தது நர்ஸ் பின் நம்பர் (பதிவு எண்) மட்டும்தான். பிரசவ வேலைதான் பிடிக்கும் என்று, ஏற்கெனவே நர்சாக இருப்பவர்களுக்கான குறுகிய மிட்வைஃபரி படிப்பில் சேர்ந்திருக்கிறேன். இப்போது லேபர் வார்டுக்கு இரண்டாவது முறை போட்டிருக்கிறார்கள்.

போன வாரம் நைட் ஷிஃப்ட். முதல் பிரசவத்துக்கு வந்த பெண், கருப்பை வாய் 7 செ.மீ. திறந்திருக்கிறது, சிடிஜி (பிள்ளையின் இதயத்துடிப்பைப் பதியும் கருவி) ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்து அறையில் எமர்ஜென்சி பெல் அடித்ததும் என் சூப்பர்வைசர் ஓடிவிட்டார். போகிற போக்கில் "நான் வர நேரமானால் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யும் உள்பரிசோதனையை நீயே பார்த்து எழுதிவை, ஊரில் எத்தனை பார்த்திருப்பாய்" என்றார். பார்த்தேன். முழுதாகத் திறந்திருந்தது, எழுதினேன். அவர் வந்தது நாற்பது நிமிடம் கழித்து, திரும்பப் பார்க்காமலேயே என் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். தாயும் பிள்ளையும் நலம், அதில் குறையில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இதோடு, மறுநாள் ஒருவர் சிக் லீவ் என்று போர்டில் என் பெயரை இரண்டு கட்டில் பகுதிகளுக்கு நேராக எழுதி வைத்திருந்தார்கள். அப்புறம், படிப்பு முடிக்க 40 பிரசவம் பார்த்திருக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கு. எனக்கு 13 தான் ஆகியிருக்கிறது, இருப்பது ஏழு மாதம். கூடப் படிக்கிற இருவர், டாக்டர் வென்டூஸ் (பிள்ளையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் கருவி) போட்டு எடுத்த பிரசவத்தையும் தங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். இதில் எது விதி, எது வழக்கம், எதற்கு நான் வாய் திறக்க வேண்டும்?

பதில் 1: மாவிலை

நான் லேபர் வார்டில் பேண்ட் 7 (சீனியர் மிட்வைஃப்), மாணவர்களுக்கு அசெசராகவும் (மதிப்பிடுபவர்) இருக்கிறேன். உங்கள் கேள்வியில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது, பிரித்துப் பார்ப்போம்.

சூப்பர்வைசர் எப்போதும் அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று விதி இல்லை. 2018-இல் வந்த என்.எம்.சி. (நர்ஸ், மிட்வைஃப்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் அமைப்பு) விதிமுறைகள், மாணவரின் திறமையும் தன்னம்பிக்கையும் வளர வளர மேற்பார்வையைத் தளர்த்தலாம் என்றே சொல்கின்றன. அதற்கு முன் ஒரே மென்டர்தான் சொல்லிக்கொடுத்து, மதிப்பிட்டு, கையெழுத்தும் போடுவார். இப்போது கூட நின்று கற்றுக்கொடுப்பவர் ப்ராக்டிஸ் சூப்பர்வைசர், தேறிவிட்டீர்களா என்று தீர்ப்புச் சொல்பவர் ப்ராக்டிஸ் அசெசர், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு அகடமிக் அசெசர். கூடவே நின்று பழகியவர் பாசத்தில் பாஸ் போட்டுவிடக்கூடாது என்பதும் இந்தப் பிரிவினைக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி: உள்பரிசோதனையில் நீங்கள் தேறியதாக உங்கள் ரெக்கார்டில் யாராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை என்றால் "ஊரில் பார்த்திருப்பாய்" என்பது செல்லாது. வேலையை ஒப்படைக்கிறவர், அது எதிராளியின் திறமைக்குள் இருக்கிறதா, போதிய மேற்பார்வை இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். என்.எம்.சி. கோட் அப்படித்தான் சொல்கிறது. ஊகம் போதாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, உங்கள் கண்ணில் அது படவில்லை. வலி முழுதாகப் பிடித்த பெண்ணுக்கு ஒரு மிட்வைஃப் கூடவே இருக்க வேண்டும் என்பது நைஸ் (மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் அமைப்பு) வழிகாட்டுதல். அந்த ஒருவர் பதிவு பெற்ற மிட்வைஃப், மாணவர் அல்ல. நாற்பது நிமிடம் அந்தப் பெண்ணுக்கு மிட்வைஃபே இல்லை, சிடிஜியைப் படிக்கவும் ஆளில்லை. பெல்லுக்கு ஓடினதைத் தப்பு சொல்ல மாட்டேன், நானும் ஓடுவேன். ஆனால் ஓடும்போதே கோஆர்டினேட்டரிடம் "அறை 4-க்கு ஆள் அனுப்பு" என்று கத்திவிட்டு ஓடியிருக்க வேண்டும். முழுதாகத் திறந்துவிட்டது என்று தெரிந்த நொடியில் நீங்களும் பஸ்ஸரை அழுத்தியிருக்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போர்டில் பெயர் எழுதியது சரியே இல்லை. நீங்கள் சூப்பர்நியூமரரி, அதாவது ஆள் கணக்கில் சேராதவர்.

பதில் 2: பழைய சிஸ்டர்

படித்ததும் சிரிப்பு வந்தது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே அம்மா. நான் தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டில் முப்பது வருடம் இருந்து ரிட்டயர் ஆனவள், இப்போது மகள் வீட்டில் லெஸ்டரில் இருக்கிறேன். எங்கள் காலத்தில் கேஸ் புக்கில் 20 பிரசவம் எழுத வேண்டும். ஒரு டேபிளில் தலை தெரியும், பக்கத்து டேபிளில் நஞ்சுக்கொடி விழும், சிஸ்டர் ஒருத்தர், நாங்கள் எட்டுப் பேர். தனியாக விட்டதால்தான் கை பழகியது. பிவி (உள்பரிசோதனை) பார்க்க பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டுமென்றால் அன்றைக்கு யாருக்கும் பிவியே பார்த்திருக்க முடியாது.

ஆனால் ஒன்று உண்மை. அந்த 20-இல் எத்தனை நிஜம் என்று கேட்டால் என் பேட்சில் பாதிப் பேர் தரையைப் பார்ப்பார்கள். ஹவுஸ் சர்ஜன்கள் ஒரு பக்கம், பி.ஜி. டாக்டர்கள் ஒரு பக்கம், எங்களுக்குக் கிடைப்பது குழந்தையைத் துடைக்கிற வேலை. ஒரே பிரசவம் மூன்று பேர் புத்தகத்தில் ஏறும்.

பதில் 3: மாவிலை

சிஸ்டர், உங்கள் கையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. தனியாக விட்டதால் பழகியவர்களை நாம் இன்று பார்க்கிறோம், பழகாமல் போன கைகளுக்குக் கிடைத்த பெண்கள் யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பதில் 4: வேலணை மச்சாள்

தங்கச்சி, நான் லண்டனில் 2009-இல் பதிவெடுத்த மிட்வைஃப். நம்பர் விஷயத்துக்கு மட்டும் வாறேன்.

40 பெண்களின் பிரசவத்தை நீங்கள் முன்நின்று பார்க்க வேண்டும். பெண்கள் போதாமல் எட்ட முடியாவிட்டால் 30 வரை குறைக்கலாம், ஆனால் மேலும் 20 பிரசவத்தில் உதவியாக நின்றிருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் இருந்து வந்த கணக்கு இது, பிரெக்ஸிட்டுக்குப் பிறகும் இங்கே அதைக் கைவிடவில்லை. இதோடு கர்ப்பகாலப் பரிசோதனை 100, பிரசவத்துக்குப் பின் தாய் 100, ஆரோக்கியமான பிள்ளை 100, கூடுதல் கவனிப்புத் தேவைப்படும் பெண்கள் 40. தலைக்குப் பதில் பிட்டமோ காலோ முன்னுக்கு வரும் பிள்ளை கண்ணில் படாவிட்டால் பொம்மையில் செய்து காட்டலாம், பயப்பட வேண்டாம்.

வென்டூஸ் போட்டது டாக்டர் என்றால் அது டாக்டர் பார்த்த பிரசவம். நீங்கள் ஆறு மணித்தியாலம் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாலும் அது 40-இல் வராது, உதவி செய்த கணக்கில் எழுதலாம். இங்கிலாந்தில் இப்போது மூன்றில் ஒன்றுக்கு மேல் சிசேரியன், மிச்சத்திலும் கருவி போட்டு எடுப்பது கனக்க. எனவே லேபர் வார்டிலேயே குந்தியிருந்தால் 40 வராது. பர்த் சென்டர், வீட்டுப் பிரசவ டீம், கம்யூனிட்டி மிட்வைஃப் எல்லாரிடமும் போய்க் கதையுங்கள். கர்ப்பத்தில் இருந்தே நீங்கள் பின்தொடரும் பெண்களிடம், வலி வந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லலாமா என்று கேளுங்கள். என் கடைசி ஒன்பதும் அப்படி, நடுச்சாமத்தில் ஃபோன் வந்து ஓடிப் பார்த்தவைதான்.

பொய்க் கணக்கு எழுதும் சிநேகிதிகளுக்கு ஒன்று சொல்லுங்கள். படிப்பு முடியும்போது நல்ல நடத்தை உள்ளவர் என்று பல்கலைக்கழகத்து லீட் மிட்வைஃப் கையெழுத்திட்டால்தான் பதிவே கிடைக்கும். ஒரு பிரசவம் குறைந்தால் இன்னும் இரண்டு வாரம் கூட நின்று முடிக்கலாம். பொய் எழுதிப் பிடிபட்டால் அந்தக் கையெழுத்தே கிடைக்காது.

பதில் 5: டபுள் ஷிஃப்ட்

நானும் உங்களைப் போலவே நர்சாக இருந்து இந்தப் படிப்புக்கு வந்தவன் (ஆமாம், ஆண்தான், வார்டில் தினம் ஒரு தடவை இந்தக் கேள்வி வரும்). யாரும் சொல்லாத ஒரு பொறி இருக்கிறது. நர்சாக வேலை பார்க்கும்போது பி.ஜி.டி. (டாக்டர் தனியாக எழுதித் தராமலே குறிப்பிட்ட மருந்தைக் கொடுக்க விடும் எழுத்து அனுமதி) மூலம் நீங்களே மருந்து கொடுத்திருப்பீர்கள். மாணவ உடை போட்டதும் அந்த உரிமை செல்லாது, மாணவர் பி.ஜி.டி.யில் கொடுக்கவே முடியாது. மிட்வைஃப்களுக்கென்று சட்டத்தில் விலக்குத் தந்த மருந்துகளை, மிட்வைஃப் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்க மாணவர் கொடுக்கலாம். ஆனால் பெத்திடின், டைமார்ஃபின், மார்ஃபின் போன்ற கடும் வலி நிவாரணிகளை மாணவர் அப்படிக் கொடுக்க முடியாது. ஆள் இல்லாத இரவில் "நீ நர்ஸ்தானே, அந்த ஊசியைப் போட்டுவிடு" என்பார்கள். போடாதீர்கள். மற்ற மாணவர்களுக்குப் போனால் படிப்புத்தான் போகும், நமக்குக் கையில் இருக்கிற நர்ஸ் பின்னும் சேர்ந்து போகும்.

யாரிடம் சொல்வது என்றால், மாணவர்களின் புகாரைக் கேட்க ஒவ்வொரு இடத்திலும் ஒருவரை நியமித்திருக்க வேண்டும், அதே 2018 விதிதான். பெயர் தெரியாவிட்டால் லிங்க் லெக்சரரிடம் (உங்கள் வார்டைக் கவனிக்கும் பல்கலைக்கழக ஆசிரியர்) கேளுங்கள். அங்கேயும் நகரவில்லை என்றால் டிரஸ்டில் (ஆஸ்பத்திரி நிர்வாகம்) ஊழியர்கள் பயமில்லாமல் குறை சொல்வதற்கென்றே ஃப்ரீடம் டு ஸ்பீக் அப் கார்டியன் என்று ஒருவர் இருப்பார். நேரே மேலே போகாமல் முதலில் அந்த மிட்வைஃபிடமே பேசிப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

பொருநைக்காரி

எல்லாருக்கும் நன்றி. மாவிலை அக்கா, பஸ்ஸர் விஷயத்தில் கோபமே இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது. ஊரில் முழுதாகத் திறந்தால் ஆளைக் கூப்பிடுகிற பழக்கமே கிடையாது, கையுறையை மாற்றிக்கொண்டு நிற்போம்.

நேற்று அவரோடு ஷிஃப்ட் விழுந்தது. டீ குடிக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் "நீ சொல்வது சரி, நான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அவரே கம்ப்யூட்டரைத் திறந்து, எழுதும் நாளின் தேதி நேரத்தோடு பின்பதிவு (பிறகு சேர்த்த குறிப்பு) என்று குறித்து, பரிசோதனை நேரத்தில் தான் அறையில் இல்லை என்று எழுதினார். நான் எதிர்பார்க்கவே இல்லை. என் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தால் உள்பரிசோதனைப் பக்கத்தில் ஒரு கையெழுத்துக்கூட இல்லை, இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நேற்று ஒரே ஷிஃப்டில் இரண்டு பரிசோதனை, நான் பார்த்தபின் அவரும் பார்த்தார். ஒன்றில் நான் 5 என்றேன், அவர் 4 என்றார்.

போர்டு விஷயம் லிங்க் லெக்சரருக்கு மெயில் போட்டாயிற்று, பதில் இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் பர்த் சென்டரில் இரண்டு வாரம் கேட்டிருக்கிறேன். மச்சாள், ஒரே ஒரு சந்தேகம்: தண்ணீர்த் தொட்டியில் பிறக்கும்போது நாம் கையே வைப்பதில்லையே, அது கணக்கில் வருமா?

வேலணை மச்சாள்

வரும். நீங்கள் பொறுப்பெடுத்துப் பார்த்த பிரசவமாக இருந்தால் சரி, கை நனைய வேண்டும் என்று எங்கேயும் எழுதியில்லை. உங்கட பல்கலைக்கழகக் கையேட்டையும் ஒருக்கால் பாருங்கள்.

பழைய சிஸ்டர்

5-க்கும் 4-க்கும் சண்டை என்றால் கை நன்றாகத்தான் பழகுகிறது. முப்பது வருடம் கழித்தும் எனக்கும் டாக்டருக்கும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் தகராறு.