வழக்கறிஞராகவே குடியேற முடியுமா? கனடா, ஆஸ்திரேலியா குறித்து விளக்கம் தேவை

கேள்வி: மதுரைக் கிளை வழக்கறிஞர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்து, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சிவில் வழக்குகள் நடத்தி வருகிறேன். திறன்சார் குடியேற்றத்தின் வழியாகக் குடும்பத்துடன் கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ செல்ல எண்ணியிருக்கிறேன். தொழில்களின் பட்டியலில் வழக்கறிஞர் இருப்பதால், நிரந்தர வசிப்புரிமை கிடைத்ததும் அங்கே வழக்காடலாம் என்று முகவர் ஒருவர் உறுதி கூறுகிறார். என் சீனியரோ, அங்கே முதலாம் ஆண்டிலிருந்து மறுபடியும் சட்டம் படிக்க வேண்டியிருக்கும் என்கிறார். இவற்றில் எது சரி? வேறு வேலைக்கு மாற எனக்கு விருப்பமில்லை.

பதில் 1: ஸ்கார்பரோவாசி

வணக்கம் சகோதரி. கனடாவைப் பொறுத்தவரை இரண்டுமே சரியில்லை. இங்கே குடியேற்றமும் தொழில் உரிமமும் ஒன்றையொன்று சாராத தனித்தனி நடைமுறைகள். எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் திறன்சார் குடியேற்ற முறையில் உங்கள் தொழிலுக்கான குறியீடு 41101. அதற்கு உங்கள் பட்டத்தின் மதிப்பீடும், மொழித் தேர்வும், அனுபவச் சான்றுகளும் கேட்பார்களே தவிர, கனடாவின் வழக்கறிஞர் உரிமத்தைக் கேட்பதில்லை. அதனாலேயே, வசிப்புரிமை கைக்கு வந்த பிறகும் உரிமம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் வேறு வேலை பார்க்கும் வழக்கறிஞர்கள் பலரை இங்கே காண்கிறேன். முகவர் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

உரிமத்துக்கான முதல் படி, கனடியச் சட்டச் சங்கங்களின் கூட்டமைப்பின் கீழ், வெளிநாட்டுச் சட்டப் படிப்புகளை மதிப்பிடும் என்.சி.ஏ. என்ற குழு. உங்கள் மதிப்பெண் பட்டியல்களைப் பல்கலைக்கழகமும், நன்னிலைச் சான்றிதழைப் பார் கவுன்சிலும் நேரடியாக அந்தக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் நகலெடுத்து அனுப்புவது செல்லாது. கனடாவின் அரசமைப்புச் சட்டம், நிர்வாகச் சட்டம், குற்றவியல் சட்டம், கனடியச் சட்ட அடிப்படைகள், தொழில் நெறி ஆகிய ஐந்து பாடங்களும் சட்ட ஆய்வும் எழுத்தும் குறித்த பயிற்சியும் கட்டாயம். உங்கள் படிப்பையும் மதிப்பெண்களையும் பார்த்து மேலும் சில பாடங்களைச் சேர்ப்பார்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடிய இந்தத் தேர்வுகளை மதுரையில் உங்கள் வீட்டில் இருந்தபடியே இணையத்தில் எழுதலாம் என்பதால், வசிப்புரிமைக்காகக் காத்திருக்காமல் இன்றே தொடங்குங்கள். முழுப் பட்டப் படிப்பை மறுபடி படிக்கத் தேவையில்லை.

உண்மையான சிரமம் அதற்குப் பின்னர்தான். மாகாணச் சட்டச் சங்கத்தின் உரிமப் படிகளோடு, பொதுவாக ஒரு வழக்கறிஞரிடம் ஆர்ட்டிக்ளிங் என்ற பயிற்சியையும் முடிக்க வேண்டும். இங்கே அறிமுகம் இல்லாதவருக்கு அந்த இடம் எளிதில் கிடைப்பதில்லை. ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு மாற்றாக, டொராண்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் நான்கு மாத வகுப்புப் பயிற்சியும் நான்கு மாத அலுவலகப் பயிற்சியும் கொண்ட ஒரு திட்டத்தை நடத்துகிறது. ஆர்ட்டிக்ளிங் கிடைக்காதவர்கள் அதையும் பரிசீலிக்கலாம்.

கனடியக் குடியுரிமை இல்லையே என்ற அச்சம் வேண்டாம். அந்த நிபந்தனையைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று கூறி, ஆண்ட்ரூஸ் வழக்கில் 1989-இல் கனடா உச்ச நீதிமன்றமே நீக்கிவிட்டது. வெளிநாட்டில் பிறந்து இங்கே வழக்காடும் ஒவ்வொருவரும் நன்றியோடு படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

பதில் 2: மெல்பர்னிலிருந்து

ஆஸ்திரேலியாவில் நிலைமை நேர்மாறானது. சொலிசிட்டர் (வழக்கறிஞர்) என்ற தொழிலுக்கு, திறன்சார் விசாவுக்குத் தேவையான திறன் மதிப்பீட்டைப் பெற வேண்டுமானால், முதலில் ஏதேனும் ஒரு மாநிலத்தில் வழக்கறிஞராக அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது, இந்தத் தொழிலைக் காட்டி விண்ணப்பிப்பவருக்கு உரிமம்தான் முதலில். விசா அதற்குப் பிறகே. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் இதற்கென அனுமதி வாரியங்கள் உள்ளன. பிரீஸ்ட்லி 11 என்று இங்கே அழைக்கப்படும் பதினொரு பாடங்களுடன் உங்கள் படிப்பை ஒப்பிட்டு, குறையும் பாடங்களை இங்குள்ள பல்கலைக்கழகத்தில் படிக்கச் சொல்வார்கள். அரசமைப்புச் சட்டம் போன்றவற்றில் இந்தியப் படிப்பு ஈடாகாது. அதன் பின் நடைமுறைச் சட்டப் பயிற்சியும் உண்டு. ஆகவே பெரும்பாலோர் மாணவர் விசாவில் வந்து, கணிசமான கட்டணம் செலுத்திப் படித்த பிறகே குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

வயதையும் கணக்கில் கொள்ளுங்கள். திறன்சார் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் 33 முதல் 39 வயது வரை 25 புள்ளிகள். 40 ஆனதும் அது 15 ஆகக் குறையும். 45 ஆனதும் 189, 190, 491 என்ற எண்கள் கொண்ட திறன்சார் விசாக்களுக்கு அழைப்பே கிடையாது. ஐ.இ.எல்.டி.எஸ். தேர்விலும் வாரியங்கள் எழுத்தில் 8, பேச்சில் 7.5 என்று எதிர்பார்க்கின்றன. எழுத்துப் பகுதியில்தான் நல்ல ஆங்கிலம் உள்ளவர்களும் தடுமாறுகிறார்கள். குடும்பத்தோடு உடனே வர வேண்டும் என்றால், உங்களுக்குக் கனடாவே பொருத்தம் என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. கனடாவையே தேர்ந்தெடுக்கிறேன். ஆனால் சீனியர் கையில் கொடுத்த தொகைதான் எனக்கு வருமானம். சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. அனுபவத்தை எப்படி நிரூபிப்பது?

பதில் 3: ஸ்கார்பரோவாசி

நம் ஊர் ஜூனியர்கள் எல்லோருக்கும் உள்ள கவலை இது. சொந்தமாகத் தொழில் நடத்துபவர் என்ற முறையில் அனுபவத்தைக் காட்டலாம். ஆனால் நீங்களே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி மட்டும் போதாது. வருமான வரிக் கணக்குகள், வங்கி வரவுகள், உங்கள் பெயர் உள்ள வக்காலத்துகள், வழக்கறிஞராக உங்கள் பெயர் பதிவான தீர்ப்பு நகல்கள், கட்டணம் பெற்றதை உறுதிசெய்யும் கட்சிக்காரர்களின் கடிதங்கள் ஆகியவற்றை ஆண்டு வாரியாக அடுக்குங்கள். சீனியரின் கடிதத்தில் நீங்கள் வரைந்த வழக்குரைகள், நடத்திய சாட்சி விசாரணைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பணியாற்றினீர்கள் என்பவை தெளிவாக இருக்கட்டும். நற்குணச் சான்று போன்ற கடிதம் பயன்படாது.

இனிமேலாவது தொகையை வங்கிக் கணக்கில் செலுத்துமாறு சீனியரிடம் தயங்காமல் கேளுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்க 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருப்பதால், அதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. தாக்கல் செய்யாமல் விடுபட்ட வரிக் கணக்குகள் இருந்தால், ஆடிட்டரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.