கொள்ளுத்தாத்தாவின் லெபனான் கிராமம் எது? உதவி தேவை

என் மனைவியின் கொள்ளுத்தாத்தா லெபனானிலிருந்து போய், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ராஸ் ஊருக்குப் பக்கத்தில் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு விண்ணப்பித்து, அதை வாங்கி உழுதவர். 1929இல் அங்கே எழுந்த மசூதியில் தொழுதவர். அவர் பிறந்த கிராமம் மட்டும் தெரியவில்லை.

1910 மக்கள்தொகைக் கணக்கில் 'துருக்கி' என்றுதான் இருக்கிறது. அப்போது லெபனானில் ஒட்டோமான் (துருக்கியப் பேரரசு) ஆட்சி. நிலப்பட்டாவில் ஊர்ப்பெயர் இல்லை. நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவின் பட்டியலில் பெயரை நான்கு விதமாக எழுதித் தேடிவிட்டேன். ராஸ் இருக்கும் மவுன்ட்ரெய்ல் மாவட்டம் 1909இல்தான் வார்டு என்ற மாவட்டத்திலிருந்து பிரிந்தது, அதனால் இரண்டு இடத்திலும் குடியுரிமைப் பதிவு கேட்டேன். இல்லை. ஒரு புகைப்படத்தின் பின்னால் பென்சிலில் அரபி வரி, பாதி அழிந்துவிட்டது. மாமியாருக்கு 84 வயது. அவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து இப்படி ஒரு நில விண்ணப்பக் கோப்பை வரவழைத்தவர்கள் யாராவது இருந்தால், அதில் சொந்தக் கிராமத்தின் பெயர் இருந்ததா?