நைரோபி பள்ளி வேலை: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: நைரோபியில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் வேலை வந்திருக்கிறது, இரண்டு வருட ஒப்பந்தம். மனைவி நர்ஸ். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 8 மாதம். கையெழுத்துப் போடுமுன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

செல்வி: முதலில் வீட்டைக் கேளுங்கள் சார். காம்பவுண்டுக்குள் வீடா, மின்வேலி உண்டா, இரவுக் காவலாளிக்குச் சம்பளம் யார் தருவது? ஜன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். பூட்டிய கம்பி திருடனைத் தடுக்கும், தீப்பிடித்தால் உங்களையும் தடுக்கும். சாலை ஆபத்தைக் குறைவாக எடைபோடாதீர்கள். இருட்டிய பின் மட்டாட்டு (அங்கே ஆட்களை ஏற்றி ஓடும் தனியார் பங்கு வேன்) வேண்டாம். பள்ளி பஸ்ஸில் சீட் பெல்ட் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

ராஜன்: மஞ்சள் காய்ச்சல் ஊசி முக்கியம். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். 9 மாதம் ஆகாத குழந்தைக்குப் பொதுவாகப் போடுவதில்லை, அதனால் பயணத்தைக் கொஞ்சம் தள்ளுங்கள். நைரோபி உயரமான ஊர், மலேரியா குறைவு. கடற்கரை நகரம் மொம்பாசா, ஏரிக்கரை நகரம் கிசுமு பக்கம் போனால் மாத்திரையும் கொசுவலையும் கட்டாயம்.

மீனா: உங்கள் மனைவி சார்பு விசாவில் (உங்களைச் சார்ந்தவர் என்று தரும் விசா) போனால் வேலை செய்ய முடியாது, தனி அனுமதியும் நர்சிங் கவுன்சில் பதிவும் வேண்டும். இரண்டாம் வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பள்ளிக் கட்டணச் சலுகை எத்தனை பிள்ளைகளுக்கு, மழலை வகுப்புக்கும் உண்டா? காப்பீட்டில் விமான ஆம்புலன்ஸ் இருக்கிறதா? கலவரத்தால் ஊர் திரும்ப நேர்ந்தால் டிக்கெட்டும் சம்பளமும் யார் பொறுப்பு? ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.