புதுப்பிப்பு: நெடுநல்வாடை அரசியின் மழை இரவு

நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டை எப்படிப் படிப்பது என்ற முந்தைய இழையில் பலர், "பாதியில் சோர்ந்துவிடுகிறது" என்றார்கள். 188 அடிப் பாட்டு. போருக்குப் போன அரசனைப் பிரிந்து வாடும் அரசி வருவதே பிற்பகுதியில்தான். அதுவரை மழையைப் படியுங்கள். வானம் மூடிக் கிடப்பதால், பிச்சி மொட்டு அவிழும் மணத்தை வைத்தே பெண்கள் அந்தியை அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

அரசி வந்ததும் கையைக் கவனியுங்கள்: பொன்தொடி கிடந்து தழும்பேறிய முன்கையில் இப்போது வெறும் சங்கு வளை. கட்டிலுக்கு மேலே விரித்த துணி மேற்கட்டியில் எழுதிய, நிலவைப் பிரியாத உரோகிணி விண்மீனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். கடைக்கண் நீரை விரலால் தெறிக்கிறாள். எனக்கு மொத்தப் பாட்டும் அந்த விரலில்தான் இருக்கிறது.

"இது அகம்தானே, காதல் பாட்டுதானே?" என்றவர்களுக்கு: அகப்பாட்டில் தலைவன் யாரென்று சுட்டக் கூடாது. இங்கே அரசனின் போர்ப் பாசறையில் வேலில் கட்டிய வேம்பு, பாண்டியரின் அடையாளம் என்பதால், தலைவன் பாண்டியன் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால்தான் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இதைப் புறம், அதாவது போரும் அரசும் பற்றிய பாட்டு, என்றார்.