கலைச்சொல் வேண்டும்: அர்ஜென்டைட் / அகாந்தைட்

அனைவருக்கும் வணக்கம்.

முதலாண்டுக் கனிமவியல் பாடநூலின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பத்தி மட்டும் இழுத்தடிக்கிறது. வெள்ளி சல்பைடு, எடையில் 87 விழுக்காடு வெள்ளி. இந்தக் கனிமத்துக்கு மூலத்தில் இரண்டு பெயர். சுமார் 175 பாகை செல்சியசுக்கு மேல் கனசதுரப் படிகமாக இருக்கையில் அர்ஜென்டைட். ஆறும்போது உள்ளே அணுக்கள் இடம் மாறி ஒற்றைச்சரிவு (ஓர் அச்சு மட்டும் சாய்ந்த) அமைப்பாகிவிட்டால் அகாந்தைட். வெளியுருவம் மட்டும் பழைய கனசதுரமாகவே நிற்கும். எனவே அருங்காட்சியகங்களில் அர்ஜென்டைட் என்று சீட்டு ஒட்டிய கல்லெல்லாம் உண்மையில் அகாந்தைட்தான். ஒரே சொல்லைப் போட்டால் பத்தியே பொருளிழந்துவிடும். இரண்டு சொல் தேவை.

— மொ.

ஐயா,

1855இல் கென்கோட் அகாந்தைட் என்று பெயரிட்டது கிரேக்கத்தில் முள்ளைக் குறிக்கும் சொல்லிலிருந்து. பொகீமியாவின் யாக்கிமோவில் கிடைத்த படிகங்கள் முள்போல நீண்டிருந்தன. ஆகவே 'முள்வெள்ளி'. ளகர மெய்யின் முன் இடையினம் வந்தால் இயல்பு, திரிபே இல்லை.

அர்ஜென்டைட், 1845இல் ஹைடிங்கர் வைத்த பெயர். லத்தீன் 'அர்ஜென்டும்', வடமொழி 'அர்ச்சுன' இரண்டுக்கும் வெண்மை, ஒளி என்ற ஒரே வேர். மருத மரத்தை வடமொழியார் அர்ச்சுனம் என்றார்கள், பட்டை வெளிர்நிறம் அல்லவா? திருவிடைமருதூர் மத்தியார்ச்சுனம், சீசைலம் மல்லிகார்ச்சுனம், தாமிரபரணிக் கரையின் திருப்புடைமருதூர் புடார்ச்சுனம். மூன்று தலங்களிலும் மருதமே தலமரம். அந்த வழியில் அர்ஜென்டைட்டுக்கு 'மருதவெள்ளி' என்பேன்.

— பு.

புலவர் ஐயாவுக்கு,

தலமரங்களைப் பற்றித் தனி இழையில் எழுதுங்கள், ஆவலோடு படிப்பேன். ஆனால் 'மருதவெள்ளி' என்றால் என் மாணவி மரத்தைத்தான் நினைப்பாள். அவளுக்குத் தெரிந்த வெள்ளி சல்பைடு, கொலுசில் படியும் கறுப்பு. கடையில் 'ஆக்சிடைஸ்டு' என்று விற்கிற கறுத்த வெள்ளி நகையிலும் பெரும்பாலும் இருப்பது ஆக்சைடு அல்ல, இதே சல்பைடுதான். 'கருவெள்ளி' என்று வைத்தால் கேட்டவுடன் பிடிபடும். முன்னால் கனசதுர, ஒற்றைச்சரிவு என்று சேர்த்தால் இரண்டு பெயரும் ஆயிற்று.

— ஆ.

அம்மா,

கருவெள்ளி என்றால் கறுத்துப்போன உலோகம் என்றே படும். நீங்கள் சொன்ன நகையே அதற்குச் சான்று. இது உலோகம் அல்ல, தாது. கத்தியால் சீவிப் பாருங்கள்: பொடியாகாமல் ஈயம்போலச் சுருண்டு வரும். சீவிய இடம் பளபளக்கும், வெளிச்சத்தில் கிடந்தால் மங்கும். அந்தப் பளபளப்பைக் கண்டுதான் ஜெர்மானியச் சுரங்கத்தார் 'சில்பர்கிளான்ஸ்' என்றார்கள்.

முள்வெள்ளியும் பொருந்தவில்லை. மாணவர் கையில் கனசதுரக் கல்லைக் கொடுத்து இது முள் என்று எப்படிச் சொல்வது? உலகம் முழுக்க வழங்கும் கனிமப் பெயர்களை ஒலிபெயர்த்துவிடுவதே நல்லது. 'கா' நெடிலாகவே இருக்கட்டும். குறிலானால் அகந்தைதான் முன்னே வந்து நிற்கும்.

— நி.

நண்பர்களே,

நேரமில்லை. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ஒலிபெயர்ப்புக்கே ஆதரவு அதிகம். அர்ஜென்டைட், அகாந்தைட் என்றே போகிறது. கருவெள்ளி அடிக்குறிப்பில் வரும், கொலுசு எடுத்துக்காட்டோடு. ஆசிரியர் அம்மாவுக்கு நன்றி.

— மொ.

ஐயா,

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. என் மறுப்பைப் பதிந்துவையுங்கள். படிகம் முள்ளாக இல்லாத கல்லுக்கும் கிரேக்க முள்ளை உலகம் ஏற்கிறது. தமிழ் முள் மட்டும் ஏன் தைக்கிறது? வெள்ளிக் குளோரைடு தாதுவைக் 'கொம்புவெள்ளி' என்று ஐரோப்பியச் சுரங்கத்தார் தம் மொழிகளில் சொன்னபோது, அதை உலோகம் என்று எவரும் மயங்கவில்லை. அடுத்த அத்தியாயத்தில் பைரார்ஜிரைட் என்ற வெள்ளித் தாது வருகிறதல்லவா? பைர் நெருப்பு, ஆர்கிரோஸ் வெள்ளி. 'தீவெள்ளி' என்று நாலெழுத்தில் முடியும். அதற்கும் ஒலிபெயர்ப்புதானா?

— பு.