கூட்டிக் கட்டிற சுவரின்ர வெளிப்பூச்சு பழசை ஒத்திருக்கோணுமா?

மாங்குளத்தான்:
மன்னார் முருங்கனில வீட்டுத்திட்ட வீட்டுக்குப் பின்னால அறையும் குசினியும் கூட்டப் போகினம். காசு போடுறவை லண்டனில. "புதுச்சுவரின்ர வெளித்தோற்றம் பழசை ஒத்திருக்கோணும், அதுதான் சட்டம்" எண்டு நிக்கினம். எனக்கும் அதுதான் சரியெண்டு படுது.

சாந்தகப்பை:
அது இங்கிலாந்துச் சட்டம் அண்ணை. 2015ஆம் ஆண்டுக் கட்டளைப்படி அங்க குறிப்பிட்ட அளவுக்குள்ள திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்காமலே வீட்டைக் கூட்டலாம். அந்தச் சலுகையோட வாற நிபந்தனைதான் இது. இங்க 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் கேட்கிறது அனுமதிச்ச கட்டிடப் படம். பூச்சு பழசை ஒத்ததோ எண்டில்லை.

படம்கீறி:
அவ்வளவு லேசாச் சொல்லாதேங்கோ. படத்தில முகப்புத் தோற்றமும் இருக்கு. அதில "வெளிச்சுவர் பூச்சு" எண்டு எழுதிப்போட்டு, பிறகு கல்லுத் தெரிய விட்டால் படத்துக்கு மாறு. கட்டி முடிச்சு இணக்கச் சான்றிதழ் கேட்கேக்க கட்டினதை அந்தப் படத்தோடதான் ஒப்பிடுவினம்.

சாந்தகப்பை:
அப்ப முதலே சரியா எழுதுங்கோ. முருங்கன் களிமண்ணில பழஞ்சுவரையும் புதுச்சுவரையும் ஒண்டாப் பூசிறதுதான் பிழை. அந்த மண் மாரியில ஊதும், கோடையில சுருங்கி வெடிக்கும். பழைய அத்திவாரம் இறங்கி முடிஞ்சுது, புதுசு இனித்தான் இறங்கும். பழஞ்சுவரில புதுக்கல்லைப் பல்லுக் கோத்து மேலால பூசினால் பொருத்து நெடுக வெடிப்பு.

மாங்குளத்தான்:
பொருத்துக்கு ரெண்டு பக்கமும் 6 அங்குலம் கோழிவலை அடிச்சால்?

சாந்தகப்பை:
வலை பூச்சுச் சுருங்கிற வெடிப்பைத்தான் பிடிக்கும், அத்திவாரம் இறங்கிறதைப் பிடிக்காது. அத்திவாரத்தையும் சேர்த்துப் பிரியுங்கோ. சுவருகளுக்கிடையில அரை அங்குலம் விட்டு, நுரைக்கயிறு திணிச்சு, இழுபடுற சீலன்ற் (இடைவெளி அடைக்கிற பசை) அடியுங்கோ. சீமெந்து அந்த இடைவெளிக்குள்ள போகக்கூடாது. ஒரு கட்டி இறுகினாலே ரெண்டு சுவரும் திரும்பப் பிடிச்சுக்கொள்ளும். புதுக்கூரை மரத்தைப் பழஞ்சுவரில ஏத்தாதேங்கோ. பூச்சு சீமெந்து, மணல் 1:5, தடிப்பு 5/8 அங்குலம். 100 சதுர அடிக்கு ஒரு பை சீமெந்து, 6 கன அடி அரிச்ச மணல். 7 நாள் தண்ணி, 4 கிழமைக்குப் பிறகு பெயின்ற். ரெண்டு பக்கமும் வேற வேற பூச்செண்டால் கோடு கண்ணை உறுத்தாது.

படம்கீறி:
இடைவெளி சரி, அதைப் படத்திலயும் கீறுங்கோ. பொருத்துக்கு மேல தகர மடிப்பும் வேணும், பழஞ்சுவரில காடி வெட்டிச் செருகினது. இல்லாட்டி மாரித்தண்ணி நேர உள்ளுக்க. ஆனா வேற பூச்சு வேண்டாம், ஒட்டுப்போட்ட வீடு மாதிரி இருக்கும். ஒரே நிறம் அடிச்சால் கோடு மட்டும் தெரியும்.

சாந்தகப்பை:
ஒரே நிறம் எண்டால் பழஞ்சுவரையும் சுரண்டி அடிக்கோணும். அந்தக் கூலியை ஆர் குடுக்கிறது, லண்டனோ?