சளி உடைக்கிற பொடி உண்மையிலேயே சளிய உடைக்குதா?

மலர்_சிப்புட்:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியால சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு எஸ்டேட்ல இருக்கோம். அப்பா முன்ன பால்மரம் வெட்டுனாரு, செம்பனைக்கு மாத்துனதுக்கு அப்புறம் மருந்தடிக்கிற வேலை, கூடவே சிகரெட்டு பல வருஷம், போன தீபாவளிக்குத்தான் விட்டாரு. காலைல எந்திரிச்சா காறிக் காறித் துப்புறாரு, கெட்டியா வருது, சில நாள் பச்சையா. டவுன் ஃபார்மசில ஒரு பொடி குடுத்தாங்க, தண்ணில போட்டா பொங்குது, அழுகின முட்டை வாடை. பாக்கெட்ல அசிட்டைல்சிஸ்டைன்னு போட்டிருக்கு. சளிய உடைக்கும்னு சொன்னாங்க. உடைக்கும்னா எதை உடைக்குது, சளில அப்படி உடையிற மாதிரி என்னதான் இருக்கு? அப்புறம் அம்மா பால் சேத்தா சளி கூடும்னு தெ தாரிக்க (பால் டீய) நிறுத்திட்டாங்க, வீட்டுல அதுக்கே தினம் சண்டை. பச்சையா வந்தா ஆன்டிபயாட்டிக் வேணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

லேப்_தம்பி_ஈப்போ:
அக்கா, நான் லேப்ல வேலை செய்றவன், டாக்டர் இல்ல. ஆனா சளியோடதான் தினமும் பொழப்பு.

சளில 95லருந்து 98 சதவீதம் வெறும் தண்ணி. மிச்சத்துல உப்பு, கொழுப்பு, செத்த செல்லு எல்லாம் கெடக்கும், ஆனா அத வழவழன்னு பிடிச்சு வெக்கிறது மியூசின்னு ஒரு புரோட்டீன் குடும்பம். நுரையீரல்ல முக்கியமா ரெண்டு, மக்5ஏசி, மக்5பி. நீளமான இழை, அதுல செரின், திரியோனின்னு ரெண்டு அமினோ அமிலம் திரும்பத் திரும்ப வரும், அதுங்க மேல சர்க்கரைச் சங்கிலி ஒட்டி ஒட்டி நிக்கும், பாக்குறதுக்கு பிள்ளைங்க பால் போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி. எடைல பாதிக்கு மேல இந்தச் சங்கிலிதான், சில மியூசின்ல 80 சதவீதம் வரைக்கும் போகும். (இனிப்பு நீர் வியாதிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, யாராவது கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்.) தண்ணிய இழுத்துப் பிடிச்சு வெக்கிறது இந்தச் சங்கிலிங்கதான்.

இழையோட ரெண்டு முனையிலயும் சிஸ்டைன் நிறைய இருக்கு, அதுல சல்ஃபர். ஒரு இழையோட சல்ஃபர் அடுத்த இழையோட சல்ஃபர பிடிச்சுக்கும், டைசல்ஃபைட் பிணைப்புன்னு சொல்வாங்க, அப்படியே கோத்துக்கிட்டு போய் வலையாயிடும். உங்க பொடி வெட்டுறது இந்தப் பிணைப்பத்தான். முட்டை வாடையும் அதுல இருக்குற சல்ஃபர் வாடைதான், பொடி கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க.

இப்ப கசப்பான விஷயம். கண்ணாடிக் குழாய்ல சளி மேல இந்த மருந்த ஊத்துனா கண்ணு முன்னாடியே இளகும். வாய் வழியா குடிச்சா குடல், ஈரல் எல்லாம் தாண்டி முழுசா ரத்தத்துக்கு வர்றதே 10 சதவீதம் போல, அதுலயும் நுரையீரல் சளிக்குள்ள போறது கொஞ்சூண்டு. நாள்பட்ட ப்ராங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி) உள்ளவங்களுக்கு சில ஆய்வுல கொஞ்சம் பலன் தெரிஞ்சிருக்கு, சிலதுல ஒண்ணும் தெரியல. குடிக்கட்டும், ஆனா பொடிய மட்டும் நம்பி உக்காராதீங்க.

பால் சளிய கூட்டாது. 1990ல ஆஸ்திரேலியாவுல ஆளுங்களுக்கு ஜலதோஷ வைரஸ வேணும்னே குடுத்து, யார் எவ்ளோ பால் குடிச்சாங்கன்னு எழுதி வெச்சு, மூக்குச் சளிய எடை போட்டே பாத்தாங்க, நிறைய குடிச்சவங்களுக்கும் கம்மியா குடிச்சவங்களுக்கும் வித்தியாசம் இல்ல. பால் எச்சிலோட கலந்து தொண்டைல கொஞ்ச நேரம் பூசுன மாதிரி நிக்கும், அதத்தான் சளின்னு நெனச்சுக்குறோம். அப்பாவுக்கு தெ தாரிக் குடுங்க, சீனிய வேணா கொறைங்க.

பச்சை நிறம் நம்ம வெள்ளை அணுல இருந்து வருது. நியூட்ரோஃபில்னு ஒரு வகை அணு, அதுக்குள்ள மைலோபெராக்ஸிடேஸ்னு ஒரு என்சைம், அதோட நிறமே பச்சை. அதாவது உள்ள சண்டை நடக்குதுன்னு தெரியுது, ஆனா எதிரி பாக்டீரியாவா வைரஸான்னு நிறத்த மட்டும் வெச்சு சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு மிச்ச ஆன்டிபயாட்டிக் மட்டும் வேணாம்.

பழைய_டிரெஸ்ஸர்:
மலரும்மா, நான் முன்ன எஸ்டேட் கிளினிக்ல டிரெஸ்ஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா இருந்தவன். தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனா முதல் கேள்விய யாரும் கேக்கலியே, எத்தனை நாளா இருமல்? ரெண்டு வாரம் தாண்டிருச்சுன்னா காசநோய் இருக்கான்னு பாத்தே ஆகணும், கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க சுகாதார கிளினிக்ல) சளி எடுத்துக்குவாங்க. ரத்தம் கலந்து வந்தா, ராத்திரில வேர்த்தா, ஆள் எளைச்சா தள்ளிப் போடவே கூடாது. காசநோய் இல்லன்னு தெரிஞ்சதும் ஊதிப் பாக்குற டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க, இத்தன வருஷ சிகரெட்டுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கிப்போற நாள்பட்ட நுரையீரல் வியாதி இருக்கலாம்.

இன்னொண்ணு, தூக்கம் வரவைக்கிற அந்த மஞ்ச ஜலதோஷ மாத்திரை குளோர்ஃபெனிரமின் சாப்புடுறாரா? அது சுரப்ப வறட்சியாக்கும், இவரு சளி இன்னும் கெட்டியாத்தான் ஆகும். எஸ்டேட்ல எல்லா வியாதிக்கும் அந்த மாத்திரைதான், கேட்டா டிரெஸ்ஸர் குடுத்தாருன்னு எம்மேல பழிய போடுவாங்க.

மலர்_சிப்புட்:
ஐயா, இருமல் மாசக்கணக்குல இருக்கு, ரத்தம் இல்ல. மஞ்ச மாத்திரை ராத்திரி போடுறாரு, இன்னைக்கே நிறுத்துறேன். தண்ணி நிறைய குடிச்சா சளி இளகும்னு சொல்றாங்களே அது சரியா? அப்புறம் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், முட்டி வலிக்கு மாத்திரை போடுவாரு, கேஸ்ட்ரிக்கும் இருக்கு.

லேப்_தம்பி_ஈப்போ:
உடம்பு வறண்டு கெடந்தா தண்ணி உதவும், அதுக்கு மேல லிட்டர் கணக்குல குடிச்சாலும் அது நேரா மூச்சுக்குழாய்க்குப் போகாது. அங்க எவ்ளோ தண்ணி நிக்கணும்னு முடிவு பண்றது செல்லுல இருக்குற உப்பு கடத்துற சேனலுங்க.

உண்மையான பிரச்சனையும் இங்கதான், சளி இருக்குறது தப்பே இல்ல, தண்ணி கொறைஞ்சு மியூசின் அடர்த்தி ஏறுறதுதான் தப்பு. மூச்சுக்குழாய் உள்பக்கம் சிலியான்னு நுண்ணு மயிருங்க, செகண்டுக்கு 10லருந்து 15 தடவ அடிச்சு சளிய தொண்டைக்கு மேல தள்ளிக்கிட்டே இருக்கும், நமக்குத் தெரியாமலே முழுங்கிடுறோம். அந்த சிலியா மேலயும் மியூசின் ஒட்டியிருக்கு, ஆனா அது செல்லோட சேந்தே இருக்குற வகை, மக்1, மக்4, மக்16. 2012ல ஒரு ஆய்வுல காட்டுனாங்க, மேல ஓடுற சளி ரொம்ப கெட்டியாச்சுன்னா கீழ சிலியாவச் சுத்தி இருக்குற தண்ணிய அது உறிஞ்சிடும், சிலியா நசுங்கிப் படுத்துடும், சளி அங்கயே அப்பிக்கும், அப்புறம் இருமித்தான் எடுக்கணும். சிகரெட்டு சிலியாவையும் கெடுக்கும், மியூசின் சுரக்குற கோப்ளட் செல்லையும் பெருக்கும், சிஎஃப்டிஆர்னு ஒரு சேனலையும் மந்தமாக்கும். அந்த சேனலோட ஜீன் பிறவியிலேயே கெட்டிருந்தா வர்றதுதான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், ஜீன 1989ல கண்டுபிடிச்சாங்க, நம்ம ஆளுங்ககிட்ட அபூர்வம். 2017ல அளந்து பாத்தப்போ கடுமையான சிஓபிடி ஆளுங்க சளில மியூசின் அடர்த்தி சாதாரண ஆளுங்களவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனால சிகரெட்ட விட்டாரே, பொடியவிட பெரிய மருந்து அதுதான்.

பழைய_டிரெஸ்ஸர்:
கேஸ்ட்ரிக்குன்னதும் எனக்கு பொடி மேலயே யோசனை வந்துருச்சு. வயித்துச் சுவர்லயும் மியூசின் படலம்தான், அதுக்குள்ள பைகார்பனேட்டு தேங்கி நின்னு ஆசிட் சுவர சுடாம பாத்துக்குது. முட்டி வலி மாத்திரைங்க புரோஸ்டாகிளாண்டின கொறைக்கும், அது கொறைஞ்சா படலமும் கொறையும், அதான் வெறும் வயித்துல போட்டா எரியுது. ஹெலிகோபாக்டர் கிருமியும் யூரியேஸ்னு ஒரு என்சைம்ல சுத்தி இருக்குற ஆசிட்ட முறிச்சு, படலத்த இளக்கி, அதுக்குள்ள நீந்திப் போயிடும். இதுல சளி இளக்குற மருந்தும் சேந்தா? வயித்துல புண் இருக்குறவங்க கவனமாத்தான் எடுக்கணும். ஃபார்மசில கேஸ்ட்ரிக் இருக்குன்னு சொன்னீங்களா, அவங்க கேட்டாங்களா? டாக்டர்கிட்ட பொடி, வலி மாத்திரை ரெண்டையும் கையோட கொண்டுபோய்க் காட்டுங்க.

கோமதி_தாப்பா:
நடுவுல வந்து கேக்குறேன் மன்னிச்சுக்குங்க. மேல மக்16ன்னு படிச்சேன். என் அண்ணிக்கு சிஏ 125னு ரத்த டெஸ்ட் கூடுதலா வந்து வீடே அழுதுக்கிட்டு இருக்கு. கூகிள்ல பாத்தா அதுவும் மக்16ன்னு வருது, அதே சளியா?

லேப்_தம்பி_ஈப்போ:
அதே புரோட்டீன்தான், அதுல இருந்து கழண்டு ரத்தத்துல மிதக்குற துண்டு. சினைப்பைப் புற்றுல அது கூடும், ஆனா மாசவிலக்கு நேரத்துல, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உள்சவ்வு மாதிரி திசு வெளிய வளர்றது) இருந்தா, கர்ப்பமா இருந்தாக்கூட கூடும். அந்த ஒரு நம்பர வெச்சு யாரும் புற்றுன்னு சொல்ல மாட்டாங்க, ஸ்கேன் எடுக்கட்டும், அதுக்கு முன்ன அழ வேணாம்னு சொல்லுங்க.

மலர்_சிப்புட்:
ரொம்ப நன்றி. திங்கக்கெழம கிளினிக் கெசிஹாத்தானுக்கு அழைச்சிட்டுப் போறேன். சளி எப்படி எடுத்துட்டுப் போகணும்?

லேப்_தம்பி_ஈப்போ:
டப்பா அவங்களே குடுப்பாங்க. காலைல எந்திரிச்சதும் சாப்புடுறதுக்கு முன்னாடி வெறும் தண்ணில வாய் கொப்பளிச்சிட்டு, ரெண்டு மூணு தடவ நல்லா மூச்ச இழுத்து நெஞ்சுல இருந்து இருமி எடுக்கச் சொல்லுங்க, வீட்டுக்குள்ள வேணாம், வெளிய காத்தோட்டமா நின்னு. மூடிய இறுக்கி மூடுங்க. எச்சில துப்பிக் கொண்டுவந்தா திருப்பி அனுப்பிடுவோம் அக்கா, நெறைய பேரு அதத்தான் கொண்டுவர்றாங்க.